சம்படத்தில் மூடிவைத்த சிலேட்டு

போன வாரம் புதுப் போனில் சிம் மாற்றுவதற்கு ஊசி தேடினேன். வீட்டில் ஒரு ஊசி கைக்குக் கிடைக்கவில்லை. வளையல் பெட்டியைக் கவிழ்த்தபோது, அறுந்த கொலுசுக்கும் பழைய பாசிக்கும் நடுவிலிருந்து அது உருண்டு வந்தது. கறுப்பாக, விரல் நீளத்துக்கு, நுனி மழுங்கிய ஒரு குச்சி. என் மகள் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, பேனாவா? மையே இல்ல" என்றாள்.

"மையில்லாத பேனாதான்" என்றேன். அது என் சொல் இல்லை, உன்னுடையது.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதைக் கடைசியில்தான் சொல்வேன். முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தை எழுத எனக்குக் கை ஓடாது.

சிம்மக்கல்லில் வெங்காய மண்டிக்கு மேல் மாடியில் நம் ஆபீஸ் இருந்தது உனக்கு நினைவிருக்கும். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் சின்னப் பிள்ளைகளையும் பதிவு செய்யும் வேலை. இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் அவர் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள், என் சம்பளம் ஒன்றுதான் உள்ளே வந்துகொண்டிருந்தது. நீ ஆனையூருக்கு அப்பால் கிராமத்திலிருந்து வருவாய். உன் அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு உன்னைப் பத்தாவது வரை படிக்கவைத்தவர்கள். நான் பழைய ஊருக்குள் பிறந்தவள், வீட்டுக்குள் எங்கள் பாஷை, வாசலைத் தாண்டினால் தமிழ். நம் இரண்டு பேரையும் ஒரு ஜோடியாகப் போட்டார்கள்.

பெரிய பெரிய காகிதப் படிவங்களைச் சுமந்து தோள் இற்றுப்போன சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு பையன் பெட்டியோடு வந்தான். பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் சாம்பல் நிறக் கருவிகள். கம்ப்யூட்டர் என்றால் மேசைமேல் தொலைக்காட்சிப் பெட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும் என்று நினைத்திருந்தோம். அந்தப் பையன் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினான். முதலில் ஒரு அறையையே அடைத்தது, பிறகு மேசைக்கு வந்தது, பிறகு மடிக்கு வந்தது, அதுதான் லேப்டாப். இப்போது உள்ளங்கைக்கு வந்திருக்கிறது, இதன் பெயர் பாம்டாப். நாளைக்கு செல்போனே கம்ப்யூட்டர் ஆகிவிடும், எல்லாரும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிவார்கள் என்றான்.

நீ கையைத் தூக்கினாய். "அதுக்கப்புறம் எங்கிட்டு சார் வைப்பீங்க, காதுலயா?"

மாடியே சிரித்தது. இன்று என் மகள் காதில்தான் வைத்துக்கொண்டு திரிகிறாள். உனக்குக் கருநாக்குடி.

அந்தப் பையன் நல்லவன்தான், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். மையில்லாத இந்தக் குச்சியால் கண்ணாடியைத் தொட்டால் எழுத்து விழும். பிறந்த தேதியைப் போட்டால் வயதை அதுவே சொல்லும். ஆம்பளைப் பேருக்கு நேராகக் கர்ப்பம் என்று தொட்டுவிட்டால் ஒத்துக்கொள்ளாமல் கத்தும். எந்தப் பிள்ளைக்கு என்று அடுத்த ஊசி என்பதை ஞாபகப்படுத்தும். சனிக்கிழமை ஆபீசுக்கு வந்து அதற்கென்று இருக்கும் தொட்டிலில் நிறுத்தினால் வாரம் முழுதும் பதிந்ததெல்லாம் பெரிய கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும். கடைசியாக இரண்டு விஷயம் சொன்னான். "நீங்க எந்த வீட்ல எத்தனை மணிக்குப் பதிஞ்சீங்கன்னு அதுவே குறிச்சுக்கும். அப்புறம், பேட்டரி செல் மாத்துறப்ப ஒரு நிமிஷத்துக்குள்ள மாத்திடணும். வெறுமையா கிடந்தா உள்ள இருக்கறது பூரா அழிஞ்சிடும்."

இரண்டாவது ஒரு காதில் நுழைந்து மறு காதில் போனது. முதலாவதை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். மணியைக் குறிக்கிற சாமான் வேறு எதையெதைக் குறிக்குமோ? கேட்காமலே மணி பார்க்கிறது என்றால், கேட்காமலே பேச்சைக் கேட்காது என்று என்ன நிச்சயம்?

இரண்டு பேருக்கு ஒரு கருவி, ஒரு வாரம் உன் வீடு, ஒரு வாரம் என் வீடு. நீ அதற்குச் சிலேட்டு என்று பேர் வைத்தாய். என் முறை வந்தால் அதை ஈரிழைத் துண்டில் சுற்றி, முறுக்கு வைக்கிற எவர்சில்வர் சம்படத்துக்குள் போட்டு, மூடியை அமுக்கி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைப்பேன். என் அம்மா அதற்கும் மேலே. சம்படம் வீட்டில் இருக்கிற வாரம் சமையல்கட்டில் ஒரு தமிழ் வார்த்தை பேசக்கூடாது என்றாள். எங்கள் பாஷை மெஷினுக்குத் தெரியாதாம். உன்னிடம் இதைச் சொன்னபோது பஸ் படியில் நின்று நீ சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"அப்ப மாட்டுறது நாங்கதானா? எங்க வீட்ல தமிழத் தவிர வேற என்ன இருக்கு? எம்புருசன் ஏசுறது பூரா சென்னைக்குப் போயிருமே!"

ஊர்க்காரர்களும் என்னைவிட ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை. சிலேட்டை வெளியே எடுத்ததும் கதவைச் சாத்துவார்கள். ரேஷன் கார்டைப் பிடுங்க வந்திருக்கிறார்கள், குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கிறார்கள், கண்ணாடியில் மூஞ்சியைப் பிடித்துப் போலீசுக்கு அனுப்புகிறார்கள் என்பார்கள். நான் எரிந்து விழுவேன். நீ வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குச்சியை அவர்கள் கையில் கொடுப்பாய். "இந்தா ஆத்தா, நீயே கோடு போட்டுப் பாரு. மையில்லாத பேனா, கடிக்காது. என்ன சந்தேகமோ கேட்டுரு. மனசுல வச்சிருந்தா ஊசிப்போகும்." வீட்டுக் கிழவி கண்ணாடியில் கோழி கிளறியது போல ஒரு கோடு இழுப்பாள். சிரிப்பாள். அப்புறம் மருமகளின் நாள் தள்ளிப்போன கணக்கிலிருந்து எல்லாம் சொல்வாள். ஒரு வீட்டுக்கு அரை மணி ஆகும். நான் மணியைப் பார்த்துக்கொண்டே நிற்பேன், சிலேட்டும் பார்க்கிறதே என்று.

அப்போதுதான் உன் நோட்டு என் கண்ணில் பட்டது.

நாற்பது பக்கத்து நோட்டு, மேலே பழைய காலண்டர் தாளில் அட்டை. திரும்பி வருகிற பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் சாய்ந்து அதில் எதையோ எழுதுவாய். நான் எட்டிப் பார்த்தால் சேலை மடிப்புக்குள் போய்விடும். "என்ன அது?" என்றால், "ஒண்ணுமில்ல, பால் கணக்கு" என்பாய். உன் வீட்டில் ஏதடி பால்மாடு? இருந்த ஒரு ஆடும் போன தீபாவளிக்கு விற்றாயிற்று. என்னைப் பற்றித்தான் எழுதுகிறாள் என்று முடிவுகட்டினேன். நான் எப்போது உட்கார்ந்தேன், எந்த வீட்டைத் தாண்டிப் போனேன், எல்லாம் சூப்பர்வைசருக்குப் போகிறது. பையில் ஒரு உளவாளி, பக்கத்து சீட்டில் ஒரு உளவாளி.

இதையும் சொல்லிவிடுகிறேன், இனி யாருக்குப் பயம். ஒருநாள் நீ எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்தாய். நீ போனதும் என் அம்மா அந்த டம்ளரைத் தனியாக எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தாள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். உன்னை நான் அவ்வளவு சீக்கிரம் சந்தேகப்பட்டதற்கு அந்த டம்ளரும் ஒரு காரணம். நோட்டு எழுதினது எங்கள் தெருப் பெண்ணாக இருந்தால் கையைப் பிடித்துப் பறித்துப் பார்த்திருப்பேன்.

ஒரு வியாழக்கிழமை, பம்புசெட் நிழலில் சோற்றைப் பிரித்தபோது உன்னிடம் ஒரு ரகசியம் சொன்னேன். கே.கே. நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை காலியாக இருக்கிறது, பத்து நாளில் இன்டர்வியூ. வீட்டில் அவருக்குத் தெரியும், வெளியே உனக்கு மட்டும்தான். "போ சரோஜா, கெடச்சா நல்லது, வெயிலு மிச்சம்" என்றாய். சிலேட்டு நமக்கு நடுவில் தொட்டிச் சுவரில் இருந்தது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் சூப்பர்வைசர் என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சிலபேரு ஒரு கால இங்கயும் ஒரு கால பள்ளிக்கூடத்துலயும் வச்சிருக்காங்க. தாராளமா போகலாம். ஆனா போற வரைக்கும் ஒரு தப்பு நடக்கட்டும், அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவேன். வெளிய நூறு பேரு நிக்கிறாங்க."

பள்ளிக்கூட வேலை இன்னும் கையில் இல்லை. இதுவும் போனால் அடுப்பு எரியாது. உன்னைத் திரும்பிப் பார்த்தேன், நீயும் என்னைப் போலவே முழித்துக்கொண்டிருந்தாய். நடிக்கிறாளா? இல்லை, அந்தச் சனியன் பிடித்த சிலேட்டுத்தான் கேட்டதா? அந்த வாரம் முழுக்கப் பாம்பென்று தாண்டவும் முடியாமல், பழுதையென்று மிதிக்கவும் முடியாமல் உன் பக்கத்திலேயே நடந்தேன். நீ கத்தரிக்காய்க் கூட்டை நீட்டினாய், பசியில்லை என்றேன்.

அது என் முறை வாரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம், இந்த வேலையும் போனால் என்ன செய்வது என்று வீட்டில் அவரிடம் பேசியாக வேண்டும், சம்படத்தை நம்ப எனக்கு மனசில்லை. பின்பக்கத்தைத் திறந்து இரண்டு செல்லையும் கழற்றி அஞ்சறைப் பெட்டியில் கடுகோடு போட்டேன். அழிந்துபோகும் என்று அந்தப் பையன் சொன்னது அப்போது ஞாபகம் வரத்தான் செய்தது. வந்து என்ன பிரயோசனம்? கழற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிப் பயமுறுத்தி வைத்திருக்கிறான், நானா ஏமாறுவேன் என்று நினைத்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இன்டர்வியூவைச் சிலேட்டுத்தான் ஒட்டுக்கேட்டுச் சொல்லிவிட்டது என்று அவரிடம் சொன்னேன், அவர் சிரித்ததோடு சரி.

சனிக்கிழமை காலை செல்லைப் போட்டேன். வெள்ளையாக ஒரு திரை. மூலையைத் தொடு, இந்த மூலையைத் தொடு என்று பிறந்த குழந்தை மாதிரி ஒன்றும் தெரியாமல் கேட்டது. ஐந்து நாள் வேலை, அறுபத்துச் சொச்சம் வீடு, ஒன்றுமில்லை.

எப்படி சிம்மக்கல் வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. மண்டி மாடிப்படியில் நீ நின்றிருந்தாய். சிலேட்டை நீட்டினேன்.

"செல்லக் கழட்டுனியா?"

"ஆமா."

"எதுக்கு?"

"சும்மா" என்றேன். வேறு என்ன சொல்வேன்? என்னைக் காட்டிக்கொடுத்தது நீயா இதுவா என்று தெரியாமல், இது ஒட்டுக்கேட்காமலிருக்கத்தான் கழற்றினேன் என்றா?

நீ என் மூஞ்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு சிலேட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று மேலே போனாய். நான் வாசல்படியைத் தாண்டுவதற்குள் உன் குரல் கேட்டது.

"சார், தப்பு என்னுது. இந்த வாரம் நான் கேட்டு வாங்கிட்டுப் போனேன். வீட்ல கரண்டு போச்சு, டார்ச்சுக்குச் செல்லு இல்ல, இதுல கெடந்தத எடுத்துப் போட்டேன். பூரா அழிஞ்சுபோச்சு."

சூப்பர்வைசர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அறிவில்லையா, உங்களுக்கெல்லாம் இதைக் கையில் கொடுத்தது யார் குற்றம் என்று பொரிந்தார். 'உங்களுக்கெல்லாம்' என்ற சொல்லை அழுத்திச் சொன்னார். நீ தலைகுனியவில்லை. இடுப்பிலிருந்து அந்தக் காலண்டர் அட்டை நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாய்.

"ஒரு வீடு விடாம இதுல இருக்கு சார். நாளைக்குள்ள திரும்ப ஏத்திருறோம்."

எட்டிப் பார்த்தேன். கோணல் மாணலான எழுத்தில் பெயர், வயது, எத்தனையாவது மாதம், பிள்ளைக்குப் போட்ட ஊசி. அறுபத்துச் சொச்சம் வீடும் இருந்தன. என்னைப் பற்றி ஒரு வரி இல்லை.

சனியும் ஞாயிறும் நீ நோட்டைப் படிக்க, நான் குச்சியால் தொட்டேன். கீழேயிருந்து வெங்காய நெடி ஏறிக் கண் எரிந்தது, நான் அழுதது உனக்குத் தெரிந்திருக்காது. "காகிதத்துல எழுதக்கூடாதுன்னுதான சொன்னாங்க?" என்று கேட்டேன். "அதான் ஒளிச்சு எழுதுனேன். உனக்குத் தெரிஞ்சா நீயும்ல மாட்டுவ. இந்தக் கண்ணாடிய நம்பி எம்புட்டு நாளைக்கு? கைதவறிக் கிணத்துல விழுந்தா கிணறா வந்து பேரு சொல்லும்?" என்றாய். சிலேட்டை நீயும் நம்பவில்லை. நம்பாமல் நீ எழுதிவைத்தாய், நான் கழற்றிவைத்தேன்.

எல்லா வீட்டுக்கும் அந்தச் சனி, ஞாயிறு மணியைத்தான் சிலேட்டு குறித்து வைத்தது. அந்த மணிகளே உன் தப்புக்குச் சாட்சியாகக் கோப்பில் ஏறின. அடுத்த ஒப்பந்தத்தில் உன் பெயர் இல்லை. போகிற அன்றைக்கு, பெட்டியில் உபரியாகக் கிடந்த குச்சி ஒன்றைக் கேட்டு வாங்கி என் கையில் வைத்தாய். "வச்சுக்க சரோஜா. உனக்கு எழுத்து அழகு." ஆறு மாதத்தில் பள்ளிக்கூடம் என்னைக் கூப்பிட்டது, அந்த மாடியை விட்டு நானே சிரித்த முகத்தோடு இறங்கினேன்.

உனக்கு நன்றி சொன்னேனா? இல்லை. என் புத்தியைக் கேள். ஒருத்தி எதற்காக அடுத்தவளுக்காகப் பழியைத் தலையில் போட்டுக்கொள்வாள்? இன்டர்வியூ விஷயத்தைச் சூப்பர்வைசர் காதில் போட்டது இவள்தான், குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்திருக்கிறது, அதைத்தான் இப்படிக் கழுவிக்கொண்டாள் என்று கணக்குப் போட்டேன். நீ செய்த உபகாரமே உனக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. சரிக்குச் சரியாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினேன், பாவி.

பல வருடம் கழித்து சிம்மக்கல் பஸ் ஸ்டாப்பில் உன்னைப் பார்த்தேன். சத்துணவுக்கூட வேலை கிடைத்திருந்தது, கையில் முருங்கைக்காய்க் கட்டு. உடம்பு மெலிந்திருந்தாய். பிள்ளைகள், வீடு, வெயில் என்று பேசினோம். என் பஸ் வந்தது. ஏறப்போனவளைக் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"ஏ சரோஜா, எங்கிட்ட ஏதாச்சும் கேக்கணுமா?"

"ஒண்ணுமில்லயே" என்றேன்.

"சரி, போய்ட்டு வா."

அதுதான் கடைசி. போன வருடம் உன் மகன் போன் பண்ணினான். வந்தேன், மாலை போட்டேன், ஓரமாக உட்கார்ந்தேன், அழுகை வரவில்லை.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். மகள் புதுப் போனைத் தடவிக்கொண்டே, "மிக்ஸி வாங்கணும்னு காலைல பேசினோம், இப்ப மிக்ஸி விளம்பரமா வருது பாரும்மா. இது நம்ம பேசுறத ஒட்டுக்கேக்குது" என்றாள். அவர் ஈசிசேரிலிருந்து குச்சியைப் பார்த்துச் சிரித்தார். "உங்கம்மா அந்தக் காலத்துலயே இதுக்குத்தான் மெஷினச் சம்படத்துல போட்டு மூடி வச்சா. இதைவிடக் கூத்து, பள்ளிக்கூட இன்டர்வியூவ மெஷின்தான் சொல்லிக்கொடுத்துச்சுன்னு நெனச்சா. அந்த ஞாயித்துக்கெழமை அவ சூப்பர்வைசரு பக்கத்து வீட்டு போனுல கூப்பிட்டான், மறுநாள் காலைல சீக்கிரமா வரச்சொல்லி. இவ கோயிலுக்குப் போயிருந்தா. நான்தான பேசுனேன். பள்ளிக்கூடத்து வேலைக்குப் போகப்போறா, இனி உங்க அவசரம்லாம் அவகிட்டச் செல்லாதுன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

நான் கத்திய கத்தலில் மகள் பயந்துவிட்டாள். இருபது வருடமாக இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அவர் நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "நீ கேக்கவே இல்லயே" என்றார்.

அன்றிலிருந்து குச்சியை என் கைப்பையில் வைத்திருக்கிறேன். புதுப் போனின் கண்ணாடியில் அதால் தொட்டுப் பார்த்தேன். மசியவில்லை, இதற்கு விரல்தான் வேண்டுமாம். போன் நம்பர்களை இன்னும் நோட்டில்தான் எழுதுகிறேன், காலண்டர் தாளில் அட்டை போட்டு. பார்ப்பவர்கள் எனக்கு மெஷின்மேல் நம்பிக்கை இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள், நினைத்துக்கொள்ளட்டும்.

மெஷின் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, நீயும் காட்டிக்கொடுக்கவில்லை. மாடிப்படியில் என் மூஞ்சியைப் பார்த்தபோதே நான் உன்னைச் சந்தேகப்படுவது உனக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்துதான் மேலே போனாயா? இதைத்தான் அன்று பஸ் ஸ்டாப்பில் நான் கேட்டிருக்க வேண்டும். கையைப் பிடித்து நீயே நிறுத்தினாய், பஸ்ஸும் இரண்டு நிமிஷம் நின்றது.

ஊசிப்போய்விட்டதடி. இருந்தாலும் கேட்கிறேன்.